காற்றாட விட வேண்டாம், மூடி வையுங்கள்

கையிலோ காலிலோ சின்னக் காயம் பட்டால் நம் ஊரில் ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. பக்கத்து வீட்டு அக்கா, மெடிக்கல் ஷாப் அண்ணன், பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர் என எல்லோரும் ஒரே குரலில் சொல்வது இதுதான்: "கட்டெல்லாம் போடாதே, காத்தாட விடு. நல்லா பொருக்கு கட்டட்டும், தானா உதிர்ந்திடும்." அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அது சரியில்லை என்று தெரிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்னும் அது நம் வீடுகளுக்குள் வந்து சேரவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

1962-ல் ஜார்ஜ் வின்டர் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். பன்றித் தோல் மனிதத் தோலுக்கு நெருக்கமானது என்பதால், பன்றிகளின் முதுகில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றுப்பட விட்டார், சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடப்பட்டு ஈரமாக இருந்த காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. அடுத்த ஆண்டே மனிதர்களிடமும் இதே போன்ற முடிவு கிடைத்தது.

காரணம் எளிது. காயத்தின் ஓரங்களிலிருந்தும், மேலோட்டமான காயமாக இருந்தால் ரோமக்கால்களின் அடியிலிருந்தும், புதிய தோல் செல்கள் கிளம்பி ஊர்ந்து வந்துதான் திறந்த இடத்தை மூடுகின்றன. ஈரமான பரப்பு என்றால் நேராக ஊர்ந்துவிடும். காய்ந்து பொருக்கு கட்டிவிட்டால், அந்தப் பொருக்குக்கு அடியில் ஈரம் இருக்கும் ஆழம் வரை இறங்கி, வழியை அறுத்துக்கொண்டுதான் அவை நகர முடியும். காயத்தைக் காக்கிறது என்று நாம் நம்பும் பொருக்கு, ஆறும் வேலைக்குத் தடையாக இருக்கிறது. அதற்காக, ஏற்கெனவே கட்டிவிட்ட பொருக்கைப் பிய்த்து எடுக்க வேண்டாம். வந்ததை விட்டுவிடுங்கள். இனி வராமல் பார்த்துக்கொள்வதுதான் நாம் செய்ய வேண்டியது.

முதலிலிருந்து வருகிறேன். அரிவாள்மணையில் வெங்காயம் நறுக்கும்போது விரலில் வெட்டிவிட்டது. நம் வீடுகளில் உடனே கை போகும் இடம் காபித்தூள் டப்பா. அது இல்லையென்றால் சர்க்கரை, சுண்ணாம்பு, சில வீடுகளில் சிலந்திவலைகூட. ரத்தம் நிற்கும்தான், மறுக்கவில்லை. எதைப் போட்டு அழுத்தினாலும் நிற்கும், ஏனென்றால் நிறுத்துவது அந்த அழுத்தம்தான். சுத்தமான துணியை மடித்து வைத்து, கையைச் சற்று உயர்த்தி, 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் "நின்னுடுச்சா?" என்று திறந்து பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அப்போதுதான் உருவான ரத்தக்கட்டு பிய்ந்து, கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். காபித்தூளைப் போட்டால் கிடைப்பதெல்லாம், பிறகு டாக்டரோ நர்ஸோ அதைத் துகள் துகளாகக் கழுவி எடுக்க வேண்டிய வேலைதான்.

அடுத்தது கழுவுவது. இந்த விஷயத்தில் மட்டும் நான் யாரோடும் வாதாடத் தயார். ஒரு சிறு காயம் நன்றாக ஆறுமா, சீழ் பிடிக்குமா என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு முதலில் அதை எப்படிக் கழுவினோம் என்பதற்குத்தான். பின்னால் தடவும் எந்தக் களிம்பும் அதற்கு ஈடாகாது. குடிக்கத் தகுந்த தண்ணீர் போதும். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் நீரில் ஐந்து நிமிடமாவது காட்டுங்கள். காயத்தைக் குழாய் நீரால் கழுவினால் உப்புநீரைவிடக் கிருமித்தொற்று கூடுகிறதா என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். கூடுவதாகத் தெரியவில்லை. குழாயில் வருவது கலங்கலான போர்த் தண்ணீர் என்றால், கொதிக்க வைத்து ஆறவைத்ததை ஊற்றிக் கழுவலாம். சுற்றியிருக்கும் தோலுக்குச் சோப்பு போடுங்கள்.

பைக்கிலிருந்து சறுக்கி விழுந்த சிராய்ப்பு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். தார்ச்சாலையின் கருந்துகள்களும் பொடி ஜல்லியும் தோலுக்குள் பதிந்திருக்கும். அவற்றை அன்றைக்கே எடுக்காவிட்டால், புதுத் தோல் அவற்றை உள்ளே வைத்து மூடிவிடும். பச்சை குத்தியதுபோல நீலக்கறுப்பாக ஆயுளுக்கும் நிற்கும். வலிக்கும்தான். ஈரமான மெல்லிய துணியால் மெதுவாகத் துடைத்து எடுங்கள், வராததை ஆஸ்பத்திரியில் மரத்துப்போக ஊசி போட்டு எடுப்பார்கள். குழந்தை அழுகிறதே என்று பாதியில் விடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அழட்டும், அணைத்துக்கொண்டே கழுவி முடியுங்கள்.

டெட்டால்? எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. டெட்டாலை நீர் கலக்காமல் ஊற்றுவது, ஸ்பிரிட்டைத் தேய்ப்பது, ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்துத் திருப்திப்படுவது எல்லாம் அந்த நம்பிக்கையில் வருபவை. கிருமியைக் கொல்லும் அதே வேகத்தில் அவை, காயத்தை மூட வந்திருக்கும் நம் செல்களையும் கொல்கின்றன. டெட்டால் பாட்டிலின் மேலேயே எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்று போட்டிருக்கும், படிப்பவர்தான் குறைவு. அழுக்கான காயமாக இருந்தால் பெட்டாடைன் ஒரு முறை, முதல் நாள், போதும். தினமும் காயத்துக்குள் விட வேண்டியதில்லை.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் போனால் விடமாட்டீர்கள். "அமெரிக்காக்காரனே மஞ்சளுக்குக் காப்புரிமை வாங்கப் பார்த்தான், நாம் சண்டை போட்டு மீட்டோம், அப்புறம் என்ன?" என்பது வழக்கமான வாதம். நடந்தது இது: காயம் ஆற்ற மஞ்சள்தூளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-ல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இந்தியாவின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்தது. பழைய நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரையையும் ஆதாரமாக வைத்தது. 1997-ல் காப்புரிமை ரத்தானது. அந்த வெற்றியில் எனக்கும் பெருமைதான். ஆனால் அங்கே தீர்மானிக்கப்பட்டது, இந்த வழக்கம் புதிய கண்டுபிடிப்பு அல்ல என்பது மட்டுமே. சமையலறை டப்பாவில் இருக்கும் தூளைத் திறந்த காயத்தில் கொட்டலாம் என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமினைப் பற்றி நல்ல ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் கடையில் வாங்கிய மஞ்சள்தூள், களத்தில் காய்ந்து, மில்லில் அரைபட்டு, பாக்கெட்டுக்குள் வந்தது. அதில் மண்ணிலிருந்து வந்த கிருமிகள் இருக்கலாம். ரசத்தில் போட்டால் பெரும்பாலும் கொதியில் போகும், காயத்தில் போட்டால் எங்கே போகும்? அதோடு, தூள் அப்பிய காயம் உள்ளே சிவந்திருக்கிறதா, சீழ் வைத்திருக்கிறதா என்று பார்க்கவே முடியாது. கிணற்றடிப் பூண்டை, அதாவது வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிவதற்கும் இதே பதில்தான். செடியில் குணம் இருக்கலாம், ஆனால் அது முளைத்திருந்த வரப்பில் மாடும் நாயும் நடந்திருக்கும்.

சரி, கழுவியாயிற்று. இனி ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். இதற்கு வாஸ்லின் போதும். உண்மையாகவே போதும். தோலில் செய்யும் சிறு அறுவைகளுக்குப் பிறகு வெறும் வாஸ்லினையும் ஆன்டிபயாட்டிக் களிம்பையும் ஒப்பிட்ட ஆய்வு 1996-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. கிருமித்தொற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சுத்தமான சிறு காயத்துக்கு ஆன்டிபயாட்டிக் களிம்பு தேவைப்படுவதில்லை, நியோமைசின் உள்ள களிம்புகளும் பவுடர்களும் சிலருக்கு அரிப்பையும் தடிப்பையும் கொடுத்து, "காயம் மோசமாகுது" என்று மேலும் களிம்பு தடவ வைக்கும். பவுடரை, நான் கேட்டுக்கொள்கிறேன், விட்டுவிடுங்கள். அது ஈரத்தை உறிஞ்சி, கட்டியாகி, நாம் தவிர்க்க நினைக்கும் அதே பொருக்கைத்தான் உண்டாக்குகிறது.

புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து, சுத்தமான கையால், மெல்லிய பூச்சாக வாஸ்லின். அதன்மேல் பிளாஸ்திரியோ, ஒட்டாத காஸ் துணியோ. நாளுக்கொரு முறை மாற்றுங்கள், நனைந்தாலோ அழுக்கானாலோ உடனே மாற்றுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் வெடுக்கென்று இழுக்காமல் தண்ணீரில் நனைத்து எடுங்கள், இழுத்தால் நேற்று வளர்ந்த தோல் துணியோடு வந்துவிடும். விரல் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். அப்போது சற்று நேரம் திறந்துவைத்து, அடுத்த கட்டைத் தளர்வாகப் போடுங்கள்.

காயத்தைத் திறக்கும்போது மஞ்சளாக மெல்லிய படலம் தெரிந்தால் உடனே சீழ் என்று பயப்பட வேண்டாம். ஈரமாக ஆறும் காயத்தில் அது சகஜம். முதல் இரண்டு மூன்று நாள் ஓரங்களில் லேசான வீக்கமும் சூடும் இருப்பதும் உடம்பு வேலை செய்வதன் அடையாளம். கவலைப்பட வேண்டியது வேறு. குறைய வேண்டிய நாட்களில் வலி கூடுவது, விண்விண் என்று தெறிப்பது, வீக்கம் பரவுவது, கெட்டியான சீழ், நாற்றம், காய்ச்சல். காலில் காயம் பட்டுத் தொடை இடுக்கில் நெறி கட்டினால், கையில் பட்டு அக்குளில் கட்டினால், கிருமி காயத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். காயத்திலிருந்து மேல்நோக்கி ஒரு கோடுபோலச் சிவந்து ஏறினால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். பாடப்புத்தகங்களில் எல்லாம் "சிவப்பு" என்றே எழுதியிருக்கும். நம் தோலில் பல பேருக்கு அது சிவப்பாகத் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்தோ, ஊதா சாயலிலோ இருக்கும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள். பேனாவால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டுவைத்தால், மறுநாள் அது கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்பது சந்தேகமில்லாமல் தெரியும்.

தீச்சுட்ட காயத்துக்கு ஒரே முதலுதவிதான்: 20 நிமிடம் ஓடும் தண்ணீர். பைக் சைலன்சர் கெண்டைக்காலில் பட்டாலும், குக்கர் ஆவி அடித்தாலும், எண்ணெய் தெறித்தாலும் அதுவே. இட்லி மாவு, பேனா மை, டூத்பேஸ்ட், ஐஸ்கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். உள்ளங்கையைவிடப் பெரிதாகச் சுட்டிருந்தாலோ, முகம், கை, பாதம், மூட்டுகளில் இருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

"டி.டி. போட்டாச்சா?" என்ற கேள்வி இல்லாமல் நம் ஊரில் எந்தக் காயமும் முழுமையடையாது. விழுந்ததும் ஊசி, அடுத்த மாதம் கதவில் இடித்தால் மறுபடி ஊசி. டெட்டனஸ் பயங்கரமான நோய், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அது துருவிலிருந்து வருவதில்லை. அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் இருக்கின்றன, துருப்பிடித்த ஆணி மண்ணில் கிடப்பதாலும் ஆழமாகக் குத்துவதாலும்தான் ஆபத்தாகிறது. சிறுவயதுத் தடுப்பூசிகளை முழுவதும் போட்டவருக்குச் சுத்தமான சிறு காயத்தில், கடைசி ஊசி போட்டு 10 ஆண்டு ஆகாதவரை மறுபடி தேவையில்லை. மண், சாணம் பட்ட காயம், ஆழமான குத்து என்றால் 5 ஆண்டு கணக்கு. எப்போது போட்டோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் போடுகிறோம். வீட்டில் உள்ள எல்லோருடைய தேதியையும் போனில் குறித்துவையுங்கள்.

நாய், பூனை, குரங்கு கடித்ததும் பிறாண்டியதும் சிறு காயமே அல்ல, கீறல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும். சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, கட்டுப் போடாமல், நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ரேபிஸ் தடுப்பூசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு வைக்கும் கொடுமை இன்னும் சில ஊர்களில் நடக்கிறது. யாராவது செய்ய வந்தால் தடுங்கள்.

பத்தியத்துக்கு வருகிறேன், இதில் எனக்குக் கோபமே வரும். காயம் பட்டவருக்கு முட்டை கூடாது, மீன் கூடாது, பருப்பு கூடாது, கத்தரிக்காய் கூடாது, சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று ரசமும் சோறும் மட்டும் போடுவார்கள். புதுத் தோலும் அதற்கு அடியில் வரும் கொலாஜன் நாரும் புரதத்தால் ஆனவை. அதைக் கட்ட வைட்டமின் சி வேண்டும். நம் பத்தியம் குறிபார்த்ததுபோல அந்தப் புரதத்தையே தட்டிலிருந்து எடுத்துவிடுகிறது. அதுவும் வயதானவர்களுக்கும் அறுவை முடிந்த பெண்களுக்கும்தான் இந்தப் பத்தியம் கடுமையாக அமலாகிறது. முட்டை கொடுங்கள், மீன் கொடுங்கள், சைவம் என்றால் பருப்பும் சுண்டலும் தயிரும். கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ. ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாத பொருள் ஏதாவது இருந்தால் அதை மட்டும் தவிர்த்தால் போதும்.

மேலே தோல் மூடிவிட்டதால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆழமான வெட்டுக்காயத்தில் உள்ளே வேலை ஓராண்டுகூட நடக்கும். மூன்று வாரம் ஆன காயத்தில், பழைய தோலின் வலுவில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. எத்தனை காலமானாலும் ஏறக்குறைய 80 சதவீதத்தோடு நின்றுவிடும். அதனால் தையல் பிரித்த கையோடு தண்ணீர்க்குடம் தூக்குவது வேண்டாம். மாநிறமும் கறுப்புமான நம் தோலில் ஆறிய இடம் கருப்பதுதான் பலருக்கும் வருத்தம். வெயில் அதைக் கூட்டும். சில மாதங்களுக்கு மூடியோ, சன்ஸ்கிரீன் தடவியோ வைத்தால் குறையும். காது குத்திய இடம், மார்பு, தோள் ஆகிய இடங்களில் தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டிக் கட்டிபோல வளர்ந்தால் அது கீலாய்டு. சின்னதாக இருக்கும்போதே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெட்டி எடுத்தால் மட்டும் போகாது, பல நேரம் முன்பைவிடப் பெரிதாக வரும்.

இதுவரை சொன்னதெல்லாம் வலி தெரிகிற உடம்புக்கு. வலி தெரியாத கால்களின் கதை வேறு. அதை நமக்குக் கற்றுக்கொடுத்தவர் நம் கொல்லிமலையில் பிறந்தவர்.

பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தார். லண்டனில் அறுவை மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி உதிர்கின்றன என்றுதான் அப்போது மருத்துவர்களே நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளோடு உட்கார்ந்து, அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள், எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். நோய் விரலைத் தின்னவில்லை. நரம்பைத்தான் கெடுத்திருந்தது. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தை அப்படியே பிடித்தார்கள், செருப்புக்குள் ஆணி இருந்தும் நடந்தார்கள், தூக்கத்தில் எலி கடித்ததுகூடத் தெரியவில்லை. அந்தச் சிறு காயங்களைக் கழுவி, மூடி, ஓய்வு கொடுத்தபோது மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே அவையும் ஆறின. அவர்களுக்கு இல்லாமல் போனது, "இதைக் கவனி" என்று சொல்லும் வலி மட்டுமே. வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் அவர்களுக்காக உருவான மென்ரப்பர் செருப்பைத்தான் இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எம்.சி.ஆர். செருப்பு என்று எழுதித் தருகிறார்கள்.

நீண்டநாள் சர்க்கரை இருப்பவரின் பாதமும் அதே நிலைக்கு வருகிறது. உணர்ச்சி குறைகிறது, பலருக்கு ரத்த ஓட்டமும் குறைகிறது. என் அம்மாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை. இரவு படுக்கும்முன் அவர் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது எங்கள் வீட்டில் சாப்பாடு மாதிரி வழக்கமாகிவிட்டது. உள்ளங்கால், குதிகால் வெடிப்பு, விரலிடுக்கு, நகத்தின் ஓரம் எல்லாம் பார்ப்போம். "என்னடா தினமும், வலிச்சா சொல்லமாட்டேனா?" என்பார். வலிக்காதும்மா, அதனாலதான் பாக்கிறேன் என்பேன். சர்க்கரை உள்ளவரின் காலில் சிறு கொப்புளமோ கீறலோ கண்டால், இதுவரை எழுதிய வீட்டு வைத்தியக் கணக்கெல்லாம் அங்கே செல்லாது. கழுவி மூடிவிட்டு, அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், கார்ன் பிளாஸ்டர் ஒட்டுவதும் கூடவே கூடாது. அதில் உள்ள அமிலம் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும், அவருக்குத் தெரியாது. கால் குளிர்கிறது என்று சுடுதண்ணீரில் வைப்பதற்கு முன் தண்ணீரின் சூட்டை வேறொருவர் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. சித்திரை, வைகாசி நடுப்பகலில் வெறுங்காலோடு கோயில் பிரகாரம் சுற்றுவது. உணர்ச்சி உள்ளவர்கள் கல் சுட்டதும் ஓடி நிழலுக்குப் போய்விடுவார்கள். உணர்ச்சி இல்லாதவர் நிதானமாக மூன்று சுற்றும் முடித்துவிட்டு வருவார், மாலையில் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அம்மாவை இப்போது காலை நடை திறக்கும் நேரத்திலோ, பொழுது சாய்ந்த பிறகோதான் கூட்டிப்போகிறேன். பகலில் போக நேர்ந்தால் கெட்டியான பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்வார். நாங்கள் போன கோயில்களில் யாரும் தடுத்ததில்லை.